வரும்போதே சேதம்

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குப் பக்கத்து ஓட்டலின் மாடி ஹாலுக்குள் நுழையும்போதே துரைக்கண்ணு சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில் பரீட்சைக்கு வருகிறவருக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்?

பரீட்சை என்று யாரும் சொல்லவில்லைதான். 'டீம் பில்டிங்' என்றுதான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆனால் துரைக்கண்ணு விழுப்புரம் பார்சல் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக லோடு மேஸ்திரி. காரணமில்லாமல் கம்பெனி டீகூட வாங்கித் தராது என்பது அவருக்குத் தெரியும். விழுப்புரம் கிளை, திண்டிவனம் கிளை இரண்டையும் மூடிவிட்டு விக்கிரவாண்டியில் ஒரே பெரிய கிடங்காகத் திறக்கப் போகிறார்கள். ஒரு கிடங்கு, ஒரு மேஸ்திரி. மிச்சமாகிற மேஸ்திரி சென்னைக் கிடங்குக்குப் போக வேண்டும். வளவனூரில் இரண்டு கறவை மாடு, முக்கால் காணி நிலத்தில் மல்லாட்டைக் கடலை, மனைவி வீரம்மாள் என்று வேர் விட்டுப்போன மனிதர் சென்னையில் போய் என்ன செய்வார்?

"போறதுன்னா போ. வாரா வாரம் வந்து மாட்டப் பாத்துட்டுப் போ" என்று வீரம்மாள் சொல்லிவிட்டாள். தன்னைப் பார்க்க வரச்சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார்.

ஹாலின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார் பாக்கியசாமி, திண்டிவனத்து மேஸ்திரி. இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. காரணம் ஒரு கிரைண்டர்.

கல்யாணச் சீராக விழுப்புரத்தில் ஏறிய கிரைண்டர் திண்டிவனத்தில் இறங்கும்போது கல் உடைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார், அபசகுனம் அபசகுனம் என்று பாக்கியசாமியைச் சுற்றி நின்று கத்தித் தீர்த்தார்கள். "வரும்போதே உடைஞ்சிதாங்க வந்துச்சி" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். எது உடைந்தாலும், நனைந்தாலும், எலி கடித்தாலும் பார்சல்காரர்கள் எல்லோரும் சொல்கிற வசனம் அது. அதனாலேயே யாரும் நம்பவில்லை. கம்பெனி ஒரு மெமோ கொடுத்தது. பாக்கியசாமி அதை லேமினேட் செய்து, மாதா படத்தோடு சேர்த்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

உடைத்தவர் துரைக்கண்ணு. லாரியில் ஏற்றும்போது போன் அடித்தது. மாடு கன்று போட்டுவிட்டது என்று வீரம்மாள் சொன்ன சந்தோஷத்தில் கை நழுவிவிட்டது. சத்தம் காட்டாமல் மேலே ஒரு சாக்கைச் சுற்றி, கயிற்றை இறுக்கி, 'கவனமாகக் கையாளவும்' என்று ஸ்டிக்கரும் ஒட்டி அனுப்பிவிட்டார். அந்தக் கன்றுக்கு இப்போது கொம்பு முளைத்துவிட்டது. அதைப் பார்க்கிற போதெல்லாம் அவருக்குக் கிரைண்டர் ஞாபகம் வரும்.

பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த அஸ்வினி மேசைக்கு ஒரு கவர் வைத்தாள். உள்ளே, வேகவைக்காத நீட்டு நூடுல்ஸ் குச்சி இருபது, டேப், நூல்கண்டு, வெள்ளையாக மெத்தென்று ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய்.

"இத வெச்சு டவர் கட்டணும். மிட்டாய் உச்சியில நிக்கணும். எது உயரமோ அது வின்னர். இருபது நிமிஷம். ஸ்டார்ட்!"

துரைக்கண்ணு முதலில் குச்சியை எண்ணினார். "இருபதுல ரெண்டு முறிஞ்சிருக்கு. கலை, போட்டோ எடும்மா." விழுப்புரத்து புக்கிங் கிளார்க் கலைப்பிரியா நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தாள். மிட்டாயில் ஒரு பக்கம் பள்ளம் இருந்தது. அமுக்கினால் பள்ளம் போய்விட்டது. விட்டால் வேறு பக்கம் பள்ளம் வந்தது. இது சேதமா, இல்லை அதன் சுபாவமே இப்படியா என்று ஆறு நிமிடம் வாதாடினார்கள். கடைசியில் சேதம் என்றே முடிவாகி, சரக்கைப் பெறும்போது சேதம் குறிக்கிற ரிமார்க் சீட்டில் மூன்று காப்பி எழுதினார்கள். எதிர் மேசையில் திண்டிவனத்தார் கூடுதலாக, மிட்டாயை எடை போடத் தராசு கேட்டு ஓட்டல் கிச்சனுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

விசில் ஊதியபோது இரண்டு கிளையும் சீட்டோடு அஸ்வினியிடம் கையெழுத்துக்கு வரிசையில் நின்றிருந்தது. ஒரு குச்சிகூட நிமிரவில்லை.

"எத்தனையோ கம்பெனியில இத நடத்தியிருக்கேன். யாருமே என்கிட்ட கையெழுத்து கேட்டதில்ல" என்றாள் அஸ்வினி, பேனாவை வாங்கிக்கொண்டே.

"அப்புறம் உடைஞ்சா எங்க தலையில கட்டிடுவீங்களே!" என்றார்கள் இரண்டு மேஸ்திரிகளும் ஒரே குரலில். ஒரே குரல் என்பது உறைத்ததும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பின்வரிசையில் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மண்டல மேனேஜர் ஆனந்தராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். அஸ்வினி ஆட்களைக் கலைத்து மாற்றிப்போட்டு, கவரில் புதுக்குச்சி போட்டுக் கொடுத்தாள். துரைக்கண்ணு, பாக்கியசாமி, கலைப்பிரியா மூவரும் ஒரே மேசை.

"கலை, திண்டிவனத்தாருகிட்ட சொல்லு. அடி அகலமா போடணும்."

"தெரியும்னு சொல்லும்மா. நான் இன்னா நேத்து லோடு அடிக்க வந்தவனா?"

"நூலை ஜல்தியா குடுக்கச் சொல்லு."

"ரெண்டு பேரும் ஒரு முழம் தள்ளித்தான் குந்திக்கினு இருக்கீங்க. எனக்குக் கழுத்து வலிக்குது, நேராவே பேசிக்கோங்க" என்று கலைப்பிரியா டீ குடிக்கப் போய்விட்டாள்.

நேராகப் பேச இருவருக்கும் வாய் வரவில்லை. ஆனால் லோடு அடித்த கைகளுக்குப் பேச்சு எதற்கு? இவர் குச்சியை நிமிர்த்தினால் அவர் விரல் தானாக அடியைப் பிடித்தது. அவர் நூலைச் சுற்றினால் முடிச்சு விழும் இடத்தில் இவர் கட்டைவிரல் காத்திருந்தது. நாலு குச்சியைக் கரும்புக்கட்டுப் போலச் சேர்த்து, அதன் மேல் மூன்று, அதன் மேல் இரண்டு என்று டவர் ஏறிக்கொண்டே போனது. மற்ற மேசைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு ஜோடிக் கை அமைந்ததில்லையே என்று துரைக்கண்ணுவுக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. இந்த மனிதனையா மாட்டிவிட்டோம்?

இன்னும் ஒரு நிமிடம். பாக்கியசாமி மூச்சை அடக்கிக்கொண்டு மிட்டாயை உச்சியில் வைத்தார். நின்றது. துரைக்கண்ணுவின் சட்டைப்பையில் போன் அடித்தது. வீரம்மாள்தான். எடுக்கப் போனார். முழங்கை இடித்தது. டவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

எல்லோர் கண்ணிலும் பட்டது, டவருக்கு மேலே நீண்டிருந்த பாக்கியசாமியின் கைதான். ஆனந்தராஜ் எழுந்து வந்து பேனாவைத் திறந்தார்.

"யாரு தட்டினது?"

துரைக்கண்ணுவின் நாக்கில் 'வரும்போதே' வசனம் தயாராக இருந்தது. ஆனால் எங்கிருந்து வரும்போது? இது எங்கிருந்தும் வரவில்லையே. இதே மேசையில் பிறந்து, இதே மேசையில் விழுந்தது. பாக்கியசாமியின் கை மெமோ இருந்த சட்டைப்பைக்குப் போயிற்று, இன்னொன்றுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. துரைக்கண்ணுவுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார். என் முழங்கைதான்."

இந்தத் தொழிலில் இப்படி ஒருவர் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. துரைக்கண்ணுவின் திறந்த வாய் மூட மாட்டேன் என்றது.

"அந்தக் கிரைண்டரும் நான்தான் சார். போட்டு உடைச்சிட்டு, சாக்குல சுத்தி அனுப்பிட்டேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கன்னத்தில் அறை விழப்போகிறது என்று துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை.

"கேட்டீங்களா சார்!" பாக்கியசாமி மெமோவை எடுத்து உயரே பிடித்துக்கொண்டு கத்தினார். "வரும்போதே உடைஞ்சிதான் வந்துச்சுன்னு ரெண்டு வருஷமா தொண்ட கிழிய சொல்லிக்கினு இருக்கேன்! இப்ப கேட்டுதா எல்லாருக்கும்?" சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெமோவை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே காட்டிக்கொண்டு ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

ஆனந்தராஜ் நோட்டில் ஏதோ அடித்து எழுதினார். "பாக்கியசாமி, விக்கிரவாண்டிக்கு நீங்கதான் மேஸ்திரி. துரைக்கண்ணு, நீங்க..."

துரைக்கண்ணு தலையை ஆட்டினார். சென்னைதான். மாடும் மல்லாட்டையும் கண்முன் வந்துபோயின. வீரம்மாளும்தான்.

"சார், அவரு எனக்குத் துணையா இங்கயே இருக்கட்டும்" என்றார் பாக்கியசாமி.

"ரெண்டு வருஷமா உங்கள மாட்டிவிட்ட ஆளுய்யா அவரு!"

"அதனாலதான் சார் கேக்கறேன். இனிமே எது உடைஞ்சாலும் நான்தான்னு ஒத்துக்க ஒரு ஆளு வேணும்ல? இவர விட்டா இந்த லைன்ல வேற யாரு கீறாங்க?" பிறகு இரண்டு வருடத்தில் முதல் முறையாக நேராகத் திரும்பினார். "யோவ், கிரைண்டர் ஏத்தும்போது மட்டும் போன என்கிட்ட குடுத்துடணும்."

"குடுத்துர்றேங்க" என்றார் துரைக்கண்ணு.

"உங்க பொறுப்புல எடுத்துக்கறதா எழுதிக் குடுங்க. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார் ஆனந்தராஜ்.

பாக்கியசாமி மேசையில் கிடந்த ரிமார்க் சீட்டை இழுத்து, நடுவில் கார்பனை வைத்தார். யாரும் சொல்லாமலே கலைப்பிரியா துரைக்கண்ணுவை நிற்கவைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள். பாக்கியசாமி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பியைக் கிழித்து துரைக்கண்ணுவிடமே நீட்டினார்.

'விழுப்புரத்திலிருந்து உருப்படி ஒன்று. வரும்போதே சேதம். பெற்றுக்கொண்டேன்.'