அண்ணியின் குதிகால்

இறகுப்பந்தை அடிக்க எம்பியபோது அண்ணிக்கு வலி வரவில்லை, கோபம்தான் வந்தது. பின்னாலிருந்து யாரோ குதிகாலில் ஓங்கி உதைத்துவிட்டார்கள் என்று நினைத்து, "எவ அது?" என்று திரும்பினாள். பின்னால் கம்பி வேலியைத் தவிர ஈ காக்கை இல்லை. அடுத்த அடி எடுத்து வைக்கப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கெண்டைச்சதையைக் குதிகாலோடு இழுத்துக் கட்டியிருக்கும் தடித்த நாண் அறுந்துபோயிருந்தது.

அவளும் அவள் நாத்தனாரும் ஷட்டில் ஜோடி. வீட்டில் கீரியும் பாம்பும், மைதானத்தில் நகமும் சதையும். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மைதானத்தில் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தவளிடம் நாத்தனார் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"வருஷப் போட்டிக்குள்ள கால் தேறிட்டா நீங்கதான் அண்ணி. இல்லேன்னா மருந்துக்கடைக்காரம்மாவைச் சேத்துக்குவேன். கோவிச்சுக்காதீங்க."

"அவளையா? பந்து வந்தா கும்பிட்டு வழி விடுவாளே!"

"வழி விடறதுக்காவது எழுந்து நிக்கிறாங்க இல்ல?"

அன்றைக்கே அண்ணி முடிவு கட்டிவிட்டாள். தன் இடம் தன்னுடையதுதான்.

கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபி செய்யும் பெண்மணி, நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலை மட்டும் உயர்த்தி இறக்கச் சொன்னாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. தையற்கடை வைத்திருப்பவளிடம் போய்ச் சொல்கிற வேலையா இது! கடைக்கு வந்ததும் மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றி எறிந்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மிதி மிதியென்று மிதித்தாள். தலையணை உறை, பள்ளிச் சீருடை எல்லாம் ஓடின. தைக்கத் துணி இல்லாதபோது வெறும் மெஷினே ஓடியது. "இனிமே எழுந்து நின்னு செய்யணும்" என்று பிசியோ சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு வந்து, மறுபடியும் மிதித்தாள். நின்றுகொண்டு நாலு தரம் எம்புவதைவிட, உட்கார்ந்து நாள் முழுக்க மிதிப்பது பெரிதில்லையா? நீங்களும் நானும் அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்போம்.

பிறகொரு நாள் பிசியோ, "சுவரைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்குங்க பார்ப்போம்" என்றாள்.

அண்ணி மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். தோள் உயர்ந்தது, புருவம் உயர்ந்தது. குதிகால் மட்டும் பசை போட்டு ஒட்டியது போலக் கிடந்தது.

"வீட்ல என்ன செஞ்சீங்க, மறைக்காம சொல்லுங்க."

சொன்னாள். பிசியோ திட்டவில்லை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்துத் தீர்த்தாள்.

"உட்கார்ந்தா உங்க எடை எங்கம்மா இருக்கு? ஸ்டூல்ல இருக்கு. நாணுக்கு வந்து சேர்றது வெறும் காலோட கனம்தான். அதுலயும் பாதி வேலையைச் சக்கரமே சுத்திக் குடுத்துடுது. ரெண்டு கால்ல நின்னு எம்பினா உங்க எடையை ரெண்டு நாணும் பங்கு போட்டுக்கும். ஒத்தைக் கால்ல எம்பினா, அந்த ஒரே நாண் உங்க எடைக்கும் மேலேயே இழுபடும். குதிச்சா இன்னும் பல மடங்கு. பாரம் ஏறினாத்தான் அது உரம் ஏறும். ஆனா படிப்படியா ஏறணும்."

"அப்போ நான் தைச்சதெல்லாம்?"

"துணிக்கு லாபம்."

அண்ணி சுருண்டு போகிற ஆள் இல்லை. மறுநாளே மோட்டாரை மாட்டினாள். கடை வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலால் ஏறி, ஒற்றைக் காலால் மெள்ள இறங்கினாள். குதிகால் படிக்குக் கீழே தாழும்போது நாண் முறுக்கேறுவதை உணர்ந்தாள். அளவெடுக்க வந்தவர்களெல்லாம் அவள் இறங்கி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். இழந்த நாட்களையெல்லாம் ஒரே வாரத்தில் ஈடுகட்டப் பார்த்தபோது பிசியோ கடிவாளம் போட்டாள்.

"செய்யும்போது லேசா வலிச்சா பரவாயில்லை. மறுநாள் காலைல முதல் அடி வைக்கும்போது கவனிங்க. முந்தின நாளைவிட விறைப்பு ஜாஸ்தியா இருந்தா, பாரம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

அதையே அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் ஏறவும் முடிந்த பிறகு, முதுகுப்பையில் துணிச்சுருளை வைத்து ஏறினாள். பையைத் தூக்கிப் பார்த்த கணவர், "இதைச் சுமக்க ஆள் வச்சா கூலி கேப்பான்" என்றார். பிறகு பிசியோவின் கண்முன்னால் சின்னச் சின்னதாகக் குதித்தாள். இப்படியே மாதங்கள் போயின.

போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. கடைசி நாளுக்கு முந்தைய நாள் சாயங்காலம் நாத்தனார் கடைக்கு வந்து நின்றாள். "என்ன அண்ணி, யார் பேரைக் குடுக்க?"

அண்ணி அந்த ஒற்றைக் காலிலேயே நின்ற இடத்தில் குதித்துக் காட்டினாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அம்மாடி! எழுதிடட்டுமா?"

"பொறு. நாளைக்குக் காலைல சொல்றேன்."

விடிந்ததும் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தாள். கால் நேற்றைப் போலவே இருந்தது. இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று கூடம்வரை நடந்து பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"பேரைக் குடு. ஆனா நான் வலை கிட்டயே நிப்பேன். பின்னாடி எம்பி அடிக்கிறது இந்த வருஷம் உன் வேலை."

"அப்போ நானா ஓடி ஓடிச் சாகணும்?"

"சாக வேணாம். சாயங்காலம் கடைக்கு வா. வாசப்படி ரெண்டு பேர் நிக்கிற அகலம்தான்."