அசனாவின் நாட்கணக்கு

அசனா எழுதிய புரோகிராம் சரியாகத்தான் வேலை செய்தது. அதில் அவள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. கம்பியூட்டர் மட்டும்தான் பிழை என்றது.

சனிக்கிழமை தோறும் அவள் கிண்ணியாவில் பஸ் ஏறி, பாலத்தைத் தாண்டித் திருகோணமலை டவுனுக்குப் போய்ப் படித்தது ஓர் இலவச வகுப்பு. புரோகிராம் எழுதுவதை அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு கலியாணம், கலியாணமான கையோடு பிள்ளைகள் என்று இருந்தவளுக்கு, முதல் வாரம் தன் பெயரைத் திரையில் வரச் செய்ததே பெருநாள் மாதிரி இருந்தது. பிறகு இரண்டு எண்களைக் கூட்டுவது, ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று சொல்வது, எது பெரியது என்று பிரிப்பது. இதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருதரம் எழுதிப் பார்க்கட்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் அந்த இயந்திரம் கோபித்துக்கொண்ட சம்பந்தி போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எழுதிய பயிற்சியை இணையத்தில் ஒரு பக்கத்தில் போட வேண்டும். அது தானாகவே பல கணக்குகளைக் கொடுத்துச் சோதித்து, சரியென்றால் பச்சை காட்டும், பிழையென்றால் சிவப்பு. எங்கே பிழை என்று மட்டும் வாயைத் திறக்காது. கடைசி வகுப்பன்று நண்பகலுக்குள் எல்லாப் பயிற்சியும் பச்சையானவர்களை அடுத்த கட்டத்துக்கு எடுப்பார்கள். வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலைக்குப் பழக்குகிற கட்டம் அது. ஒன்று சிவப்பாக நின்றாலும் போச்சு. பிள்ளைகளை விட்டுவிட்டு நாள்தோறும் வெளியே வேலைக்குப் போக முடியாத அசனாவுக்கு அது ஒன்றுதான் வழி. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு எல்லாம் பச்சை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று நாட்கணக்கு. ஒரு கிழமையையும் மணியையும் கொடுத்து, அதிலிருந்து இத்தனை மணித்தியாலம் போனால் என்ன கிழமை என்று கேட்டால், புரோகிராம் பதில் சொல்ல வேண்டும். உதாரணமும் இருந்தது: திங்கள் காலை பத்து மணியிலிருந்து முப்பது மணித்தியாலம் போனால் செவ்வாய். அசனாவின் புரோகிராமும் செவ்வாய் என்றே சொன்னது. ஆனால் அனுப்பினால் சிவப்பு. திரும்ப எழுதி அனுப்பினாள், அதே சிவப்பு.

அசனா எதிலும் தன்னிலேதான் பிழை என்று நினைக்கிறவள். கறியில் உப்பு மிஞ்சினால் சரி, பஸ் பிந்தி வந்தால் சரி, தன்னால்தான் என்பாள். லெப்டொப்பை மூடிவைத்துவிட்டு, இனி வகுப்புக்குப் போவதில்லை, இது தனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டாள்.

அந்த லெப்டொப் அவளுடையதுகூட இல்லை. கணவனின் அக்கா நஜ்முன் நிஸாவுடையது. மகன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போனதை அலுமாரியிலிருந்து எடுத்து, துடைத்து, அவள் மடியில் வைத்தவளே நஜ்முன் நிஸாதான். சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் குசினிச் சமையலையும் பார்த்துக்கொள்வதும் அவள்தான். மூடின லெப்டொப்பைக் கண்டதும் அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அசனாவின் கணவன் றுவைஸ் அந்த ஊர்ப் பள்ளிவாசலில் மோதினார். தொழுகைக்குப் பாங்கு சொல்கிற ஆள், நேரத்தில் கெட்டிக்காரன்.

றுவைஸ் புரோகிராமைச் சோதிக்கக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். வியாழன் பின்னேரம் நாலு மணி, மூன்று மணித்தியாலம் போனால் என்ன கிழமை என்று கேட்டான். வெள்ளி என்று வந்தது.

“சரிதானே. மஃரிப் முடிஞ்சா வெள்ளிதானே,” என்றான்.

நஜ்முன் நிஸாவும் விடவில்லை. ஞாயிறு இரவு எட்டு மணியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்தாள். திங்கள் என்று வந்தது. அதுவும் சரி என்றாள். பொழுதுபட்டுத் தொழுகிற மஃரிப் சில மாதங்களில் ஆறரை மணிக்கு வருமே, அதை என்ன செய்தாய் என்று றுவைஸ் நுணுக்கமாக ஒரு குறை கண்டான். பயிற்சியில் நிமிடக் கணக்கு இல்லை என்று அசனா விளக்கியதும் அதையும் ஏற்றுக்கொண்டான். கடைசியில், அந்தப் பக்கத்துக்குத்தான் ஏதோ கோளாறு என்று வீடு ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையைக் குறை சொல்லாதே, ஆசிரியரிடம் கேள் என்று நஜ்முன் நிஸா இயந்திரத்துக்கும் அசனாவுக்கும் சேர்த்தே சொன்னாள்.

அந்தத் தைரியத்தில்தான் அசனா கடைசி வகுப்புக்குப் போனாள். பஸ் நிலையத்தடியில், டவுனுக்குள் ஆடுமாடு போலத் திரிகிற மான்கள் யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குக்கூட ஒரு கவலையும் இல்லையே என்று நினைத்தபடி நடந்தாள்.

வகுப்பை நடத்திய பிரியங்கினிக்கு அசனாவைவிட வயது குறைவு. அவள் வைத்திருந்த ஒரு சட்டம், முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் கேள், பிறகு என்னிடம் வா என்பது. அசனாவின் பக்கத்தில் எப்போதும் இருப்பவள் ஞானமணி. உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். இத்தனை நாளும் அவளிடம் கேட்க அசனாவுக்கு வெட்கமாக இருந்தது. இன்று வீடே சரி என்று சொன்ன பிறகு என்ன வெட்கம்? புரோகிராமை அவள் பக்கம் திருப்பினாள்.

ஞானமணி இரண்டு மூன்று கணக்குக் கொடுத்துப் பார்த்தாள்.

“தங்கச்சி, வியாழக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்கு இது வெள்ளி எண்டு சொல்லுதே.”

“ஓம் அக்கா. மஃரிப் முடிஞ்சிட்டே.”

ஞானமணி அவளைப் பார்த்தாள். அசனா ஞானமணியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஞானமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதில் துளி ஏளனம் இல்லை. பஞ்சாங்கத்தைக் கேட்டால் எங்களுக்கும் விடியும்போதுதான் நாள் பிறக்கிறது என்றாள். ஆனால் நடுச்சாமத்தில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு எந்தத் திகதி போடுவது என்று முதலாளியிடம் ஏச்சு வாங்கி வாங்கி, பன்னிரண்டு மணி தன் மண்டையில் ஏறிவிட்டது என்றாள்.

வியாழன் மஃரிபோடு வெள்ளி பிறந்துவிடும், அப்போதுதான் குர்ஆனில் யாசீன் ஓதுவார்கள். பிறை கண்ட இரவே பெருநாள் இரவு. அசனாவின் வீட்டில் நாள் என்றால் அதுதான். வேறு விதமாக எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. புரோகிராமில் நாள் மாறும் மணி என்று பதினெட்டு இருந்த இடத்தில் இருபத்துநான்கு போட்டு அனுப்பினாள். பச்சை வந்தது. நண்பகலுக்கு இன்னும் நேரமிருந்தது. அவள் ஞானமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதையைக் கேட்ட பிரியங்கினி சிரிக்கவில்லை. நாள் எப்போது தொடங்குகிறது என்று கேள்வியில் எழுதாதது தங்கள் பிழை என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தாள்: ‘இந்தப் பயிற்சியில் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது.’ பிறகு அடுத்த கட்டத்துக்கு அசனாவின் பெயரைப் பதிந்துகொண்டாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது நஜ்முன் நிஸாவின் முகம் விழுந்துபோனது.

“நாங்கதான் சரி சரி எண்டு சொல்லி உன்னக் கெடுத்திரிக்கம் புள்ள.”

“இல்ல மதினி,” என்றாள் அசனா. “நீங்க ஒராள் பிழை எண்டு சொல்லியிருந்தாலும் நான் அண்டைக்கே விட்டிருப்பன். நீங்க எல்லாரும் சரி எண்டதாலதான் நான் இண்டைக்குப் போனனான்.”

நஜ்முன் நிஸா லெப்டொப்பின் மூடியில் இல்லாத தூசியைத் துடைத்தாள். பள்ளிவாசலில் றுவைஸின் பாங்கு தொடங்கியது. அது முடிந்ததும் அவள் கேட்டாள்.

“அடுத்த வகுப்பு எப்ப?”

“சனிக்கிழமை.”

“எங்கட சனியா, அவங்கட சனியா எண்டு வடிவாக் கேட்டிட்டு வந்தியா?” என்றாள் நஜ்முன் நிஸா. “நான் புள்ளைகளைப் பார்க்க வரோணுமே.”