படம் வராத இடத்தில்

"பெரியம்மா, படம் வராத இடத்துல யாரு இருக்கா?"

ஓரகத்தியின் மகள், ஐந்து வயது வாண்டு, ஒருநாள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து இப்படிக் கேட்டாள். இணையம் மந்தமாக இருந்ததால் படம் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் மட்டும் நின்றது. "யாரும் இல்லடி, காலி" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் துணி மடிக்கத் திரும்பினாள். குழந்தைக்குத் திருப்தி இல்லை. "காலின்னா எதுக்குக் கட்டம் போட்டு வெச்சிருக்காங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் பெரியவளே கட்டம் போடக் கற்றுக்கொள்ளும் நிலைமை வந்தது. கல்லூரியில் இணையதள வடிவமைப்புக்கு ஒன்பது மாதப் படிப்பு, பகல் வகுப்பு, வயது வரம்பு கிடையாது என்ற அறிவிப்பை முதலில் பார்த்தவள் அவள்தான். நாற்பத்திரண்டு வயதில் தனியாகப் போய் உட்காரக் கூச்சமாக இருந்தது. "துணைக்கு நீயும் வாயேன்" என்று கொழுந்தன் மனைவியை, அந்த வாண்டின் அம்மாவை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு வந்தவள் இரண்டே மாதத்தில் வகுப்புக்கே முதலாவதாகிவிட்டாள்.

பெரியவள் இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவாள். சின்னவளின் விரல்கள் பத்தும் மழை பெய்வதுபோல ஓடும். சார் சின்னவளின் திரையைக் காட்டி, "பாருங்க, சுத்தம்னா இதான்" என்பார். அதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்று பெரியவளுக்குக் கணக்குத் தெரியும். வீட்டில் கணவனோ, "சின்னவகிட்டக் கேட்டுக்கோயேன், அவளுக்கு டக்குனு வருமே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவான். இவளுக்கு அந்த வாய்ச் சோறு இறங்காது. தினமும் விளக்கேற்றி, வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி வேண்டிக்கொள்வது அவள் வழக்கம். சில மாதங்களாகச் சின்னவள் முறை வரும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாரையும் காப்பாத்துப்பா" என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுவாள். கடவுளுக்கா இது தெரியாது!

படிப்பின் முடிவில் ஒரு போட்டி. ஆளுக்கொரு இணையதளம் செய்ய வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் சாரின் கணினியில் பார்த்து மதிப்பிடுவார்கள். முதலாவதாக வருபவருக்கு அதே கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை. தன் பெயரில் ஒரு நாற்காலி, கழுத்தில் ஓர் அடையாள அட்டை. இருபது வருடமாக யாரோ ஒருவரின் மனைவியாக, மருமகளாக, பெரியம்மாவாக இருந்தவளுக்கு அது வேண்டியிருந்தது. ரொம்பவும் வேண்டியிருந்தது. அவள் தங்கள் பெயின்ட் கடைக்குத் தளம் செய்தாள். சின்னவள் தன் அம்மாவின் செடிக்கடைக்குச் செய்தாள்.

போட்டிக்கு முந்தைய நாள் எல்லோருடைய தளங்களும் சாரின் கணினிக்கு ஏறிவிட்டன. "ஒருவாட்டி திறந்து பாத்துக்குங்க. நாலரைக்கு லேபைப் பூட்டிடுவேன். அப்புறம் கால்ல விழுந்தாலும் கிடையாது" என்றார் சார். மூன்று மணிக்குச் சின்னவளுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, பாப்பாவுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குதாம். நான் கிளம்பறேன். என்னோடது திறக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்கக்கா."

"சரி, நீ ஓடு."

பெரியவள் பார்த்தாள். பக்கம் திறந்தது. ஆனால் ஒரு பூ கூட இல்லை. மேலே தலைப்பு, கீழே வெறுங்கட்டங்கள். காரணம் அவளுக்கே உடனே புரிந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே அவசரத்தில் செய்ததில், படங்களின் முகவரியாகத் தன் வீட்டுக் கணினியின் முகவரியைச் சின்னவள் விட்டுவிட்டிருந்தாள். அங்கே எல்லாம் தெரியும், வேறு எங்கும் தெரியாது. 'வழி கேக்கறவங்ககிட்ட, எங்க வீட்டு மாடியில இருக்குன்னு சொல்ற மாதிரி' என்று முதல் வாரமே சார் கிண்டலடித்த தப்பு. அவள் நெஞ்சுக்குள் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. பக்கத்தைச் சட்டென்று மூடினாள்.

கைபேசி அடித்தது.

"திறக்குதாக்கா?"

"திறக்குது."

"அப்பாடா! நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா வந்தேன்."

பொய் இல்லை. அவள் கேட்டது திறக்கிறதா என்று, திறக்கத்தான் செய்தது. பெரியவள் இதை இரண்டு தடவை தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சாரும், "பாத்துட்டு இருங்கம்மா, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்துபோனார். அவளுடைய பக்கத்தில் கடைத் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தப்பாக இருந்தது. அதைத் திருத்தத் தன் கோப்பைத் திறந்தாள். சாரின் கணினியில் ஒரு விசேஷம் உண்டு. மற்றக் கணினிகளில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள்கூட அங்கே தெரியும். டேப் கட்டையைத் தட்டியிருந்தால் சிறு அம்பு, கீழே இருக்கும் நீளமான இடைவெளிக் கட்டையைத் தட்டியிருந்தால் புள்ளி. வரியைத் தள்ளி ஆரம்பிக்கப் பெரியவள் டேப் தட்டுவாள். சின்னவள் இடைவெளிக் கட்டையை இரண்டு தட்டுத் தட்டுவாள். "ஒரே வீடு, ரெண்டு அடுப்பா?" என்று சார் சிரிப்பார்.

அவள் கோப்பு முழுக்க அம்புகள். நடுவில் மூன்று வரிகளில் மட்டும் இரண்டிரண்டு புள்ளிகள்.

அவள் விரல் நின்றது.

அரையாண்டுத் தேர்வு அன்று அவள் பக்கத்தின் கீழ்ப்பாதி காணாமல் போயிருந்தது. தேடித் தேடிக் கண் இருண்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவி, "அப்பா, மானத்தைக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். பக்கம் முழுசாக இருந்தது. கடவுளே வந்து கைகொடுத்தார் என்று வீட்டில் எல்லோரிடமும் மாய்ந்து மாய்ந்து சொன்னாள். சின்னவள் பாத்திரம் துடைத்தபடி, "ஆமாக்கா, சாமிதான்" என்றாள். அந்தப் பக்கத்தைத்தான் வளர்த்து இப்போது போட்டிக்குக் கொடுத்திருக்கிறாள்.

சாமி பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருக்கிறார்.

மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் மணி நான்கு. பெரியவள் செடிக்கடைப் பக்கத்தை மறுபடியும் திறந்து, இந்த முறை கடைசிவரை பார்த்தாள். கட்டங்கள் காலியாக இல்லை. படம் வராவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு வார்த்தை இருக்கவேண்டும், கண் தெரியாதவர்களுக்கும் அதுதான் உதவும் என்று சார் சொல்லியிருந்தார். பெரியவள் தன்னுடையதில் 'படம் 1', 'படம் 2' என்று எழுதிக் கடமையைக் கழித்திருந்தாள். சின்னவளோ ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுதியிருந்தாள். 'காலை வெயிலில் மஞ்சள் சாமந்தி.' 'நேற்று விட்ட முதல் தளிர்.' பதினோராவது கட்டத்தில், 'ரோஜாத் தொட்டியோடு எங்கள் வீட்டுப் பெரியம்மா.'

ஒருநாள் காலை, "கனமா இருக்குக்கா, கொஞ்சம் பிடிங்களேன்" என்று சின்னவள் ஒரு தொட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றாள்.

பூக்கள் வந்துவிட்டால் நாற்காலி யாருக்கு என்பது அவளுக்குத் தெரியும். கண்ணை மூடித் திறந்தாள். செடிக்கடையின் கோப்பைத் திறந்தாள்.

முகவரியை மட்டும் மாற்றும் சுருக்குவழி அவளுக்குத் தெரியாது. முழு வரியையும் அழித்து, இரண்டு விரலால் திரும்ப அடிப்பதுதான் தெரியும். பதினோரு வரிகள். சின்னவள் எழுதிய வார்த்தைகளை ஓர் எழுத்துக்கூடச் சிதறாமல், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். சாமந்தி வந்தது. தளிர் வந்தது. கடைசி வரியை முடித்தபோது தாழ்வாரத்தில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த வரியின் முன்னால் மட்டும், பழக்க தோஷத்தில் அவள் தட்டியிருந்த ஒரு சிறு அம்பு.

அதை அழித்தாள். நீளக் கட்டையை இரண்டு முறை மெல்லத் தட்டினாள். அம்பு இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகள் வந்து உட்கார்ந்தன.