பந்தல்குடியில் வாங்கிய டீ

கோகிலாம்பாளுக்கு நாற்பத்தாறு வயதில்தான் லைசென்ஸ் கிடைத்தது. எம்.ரெட்டியபட்டியில் அங்கன்வாடி ஆசிரியை அவர். ஒரு பழைய டீசல் காரை வாங்கி, இரண்டு மாதம் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகினார். தூத்துக்குடி கடல் வரைக்கும் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கணவர் பால்சாமி பிளம்பர். மொபெட்டே போதும் என்கிற ஆள். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பந்தல்குடி எல்லையிலேயே சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறியது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. கோகிலாம்பாள் வண்டியை ஓரங்கட்டி அணைத்தார். அரை மணி நேரம் ஆறவிட்டு பானெட்டைத் திறந்தால், மூன்று ரப்பர் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் இணைப்பு இரண்டாக உடைந்து கிடந்தது. தொட்டதும் ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது.

மெக்கானிக் மதன்குமாருக்குப் படம் எடுத்து அனுப்பினார். அந்தச் சாமான் மதுரையில்தான் கிடைக்கும், இன்றைக்குக் கடை கிடையாது, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் வரவேண்டும் என்று அவன் சொல்லிவிட்டான். கோகிலாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. போய் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பால்சாமி அதுவரை எந்த வண்டியின் பானெட்டுக்குள்ளும் தலையை விட்டதில்லை. அன்றைக்குக் குனிந்து பார்த்தார். தண்ணீர் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று ஒவ்வொரு குழாயாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஏ கோகிலா, இதும் தண்ணி லைனுதான். ஒரு டீ வாங்கிட்டு வாரேன், சரியாயிரும்.”

“இந்த வெயில்ல எனக்கு டீ ஒண்ணுதான் கேடு.”

பால்சாமி உடைந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதற்குள் நடந்துவிட்டார்.

பந்தல்குடி ஹார்டுவேர் கடையில் அதன் முதலாளி சபீர் இருந்தார், வீரசோழன் ஊர்க்காரர். துண்டைப் பார்த்ததும் அதே அளவில் மூன்று குழாய்களை இணைக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் ‘டீ’ ஒன்றை எடுத்து வைத்தார். கொதிக்கிற தண்ணீருக்கு அது இளகிப் போகும் என்றார் பால்சாமி. மூன்று பக்கமும் வாயுள்ள இரும்பு டீ ஒன்று, குழாயைச் சொருகுவதற்குப் பித்தளை நிப்பிள் மூன்று, கிளிப்பு மூன்று, ஒழுகாமல் இருக்க மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப் ஒன்று என்று கேட்டு வாங்கினார். ரெஞ்சு இரவல் கேட்டதும், சபீர் கடையில் மனைவியை உட்கார வைத்துவிட்டு ரெஞ்சோடு தானும் கிளம்பி வந்துவிட்டார். என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் அவருக்கு.

நிப்பிள்களுக்கு டேப் சுற்றி, டீயில் முறுக்கி, குழாய்களைச் சொருகி, கிளிப்புகளை இறுக்கினார் பால்சாமி. இரும்பின் கனத்தில் ஆடிவிடாமல் இருக்கக் கட்டுக்கம்பியால் ஒரு கட்டுப் போடச் சொன்னார் சபீர். அதையும் போட்டார்கள். நான்கு பாட்டில் தண்ணீர் ஊற்றியதும் கோகிலாம்பாள் வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கி வந்தார். மூன்று பேரும் குனிந்தபடி கால் மணி நேரம் நின்றார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. முள் பாதியிலேயே நின்றது.

“அக்கா, இனி ராமேஸ்வரத்துக்கே போகலாம்” என்றார் சபீர்.

கோகிலாம்பாள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு வருடமாக வீடு வீடாகக் குழாய் மாட்டுகிற மனிதர்தான். அவர் வேலை செய்வதை அவ்வளவு பக்கத்தில் நின்று கோகிலாம்பாள் பார்த்ததே இல்லை.

வழியில் மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னார் பால்சாமி. முள் ஏறவே இல்லை. தன் வேலையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எட்டயபுரம் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் எட்டிப் பார்க்க, அவரைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கினார். லாரிக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

கடலுக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. கோகிலாம்பாள் செருப்பைக் கழற்றிவிட்டு, பால்சாமியின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனார். வந்த ஒரு அலையில் இரண்டு பேரும் இடுப்பு வரை நனைந்தார்கள். துணி காயும் வரை மணலில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றார்கள்.