சுருங்கிய கட்டியும் சொட்டிய மூக்கும்

மூளைக்கு அடியில் இருந்த என் பிட்யூட்டரி கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று ஸ்கேன் சொன்ன அன்றைக்கு, கொண்டாப்பூர் அபார்ட்மென்ட் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். எலும்பையே அரித்துக்கொண்டு போகிற ஜாதிக் கட்டி அது. வாரத்துக்கு இரண்டு மாத்திரையில் அதை அடக்கிவிட்டதில், வீட்டில் யாரையும் அடக்க முடியாத எனக்குக் கொஞ்சம் கர்வம்.

அடுத்த வாரம் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. குனிந்து ஷூ கட்டினால் வலது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர். ஆபீஸ் இருக்கும் கச்சிபௌலியின் தூசி, அங்கே போடும் ஏசி என்று குற்றவாளிகளை நானே பிடித்துவிட்டேன். கட்டியையே சுருக்கிய அவ்வளவு பெரிய டாக்டரிடம் போய் ஜலதோஷம் என்பதா? ஆவி பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜுரம், மண்டையைப் பிளக்கும் வலி. யாரோ ஒரு பெண்மணி என் தட்டில் இட்லி வைத்தாள். எங்கேயோ பார்த்த முகம்.

"மேடம், கச்சிபௌலி ஷட்டில் பஸ் போயிடுத்தா?"

தமிழ் புரிந்தாலும் தெலுங்கில்தான் பேசும் என் மகள் மஹதி சிரித்தாள். "அப்பா ஈரோஜு ஃபார்ம்லோ உன்னாரு." அப்பா இன்றைக்கு ஃபார்மில் இருக்கிறாராம்.

எனக்கு நிஜமாகவே பதில் தேவைப்பட்டது. ஷட்டில் போய்விட்டால் என்ன செய்வது, ஆபீசுக்கு ஏன் வேட்டியில் வந்திருக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏன்னா, என் பேர் என்ன, சொல்லுங்கோ."

"உங்க ஐடி கார்டுல பாருங்கோ, மேடம்."

மஹதி மறுபடி சிரித்தாள். பெண்மணி சிரிக்கவில்லை. என் தலையைக் குனியவைத்துப் பார்த்தாள், கழுத்து மடங்கவில்லை. "மஹதி, கேப் புக் பண்ணு."

அப்புறம் மூன்று நாள் என் கணக்கில் இல்லை. நாலாம் நாள் டாக்டர் விளக்கினார். கட்டி எலும்பில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டும் இருந்ததாம். மாத்திரையில் அது சுருங்கியதும் அடைப்பு விலகி, மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியாக ஒழுகியிருக்கிறது. அதே வழியாகக் கிருமி மேலே ஏறி மூளைக்காய்ச்சல். "இன்னும் அரை நாள் போயிருந்தா..." என்றவர், என் மனைவி கல்பகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஓட்டையை அடைக்க ஆபரேஷன். அதற்குக் கொழுப்பு என் தொப்பையிலிருந்தே எடுப்பார்களாம்.

கட்டி சுருங்கியது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை.

டாக்டர் போனதும் கல்பகத்திடம் கேட்டேன். "மஹதி ஜோக்குன்னு நினைச்சா. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"இருபத்திரண்டு வருஷமா உங்க ஜோக்குக்கு முதல்ல சிரிக்கறது நீங்கதான்," என்றாள், டிரிப் ஏறாத கையைப் பிடித்துக்கொண்டு. "அன்னிக்கு நீங்க சிரிக்கலை. பயந்துட்டேன்."