பிடிக்காது என்று போட்டவள்

மொத்தம் அறுபது கேள்வி. பிடிக்கும், பிடிக்காது, தெரியாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டால், பிள்ளைகளின் மனசு, மூலைக்கு ஒரு வகை வேலையாக, ஆறு மூலைப் படமாக வந்து விழுந்துவிடும் என்று எந்த மகாராசனோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வடக்கு டகோட்டாவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியையாக இருக்கும் நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

பிரிட்டா லுண்டேயின் தாளைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! டீசல் எஞ்சின் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு ஒரே ஓர் இடம்; கேட்டிருந்தவர்கள் எட்டுப் பேர். இரண்டு மாதமாக அதைக் கேட்டு என் உயிரை எடுத்தவள் இந்தப் பண்ணை வீட்டுப் பெண். ஆனால் கைவேலை மூலையில் அவளுக்கு வந்திருப்பதோ பூஜ்யம். மூன்று மணிக்குள் எட்டுப் பேர் தாள்களையும் அந்த வகுப்புக்கு அனுப்பியாக வேண்டும். அவளைக் கூப்பிட்டனுப்பினேன்.

"ஏண்டி, மெஷின் ரிப்பேர் பண்றது பிடிக்காதுன்னு போட்டிருக்கியே?"

"பின்ன? ஜனவரில விடியறதுக்கு முன்னாடி டிராக்டருக்கு அடியில படுத்துப் பாருங்க மிஸ். கை விறைச்சுப் போயிடும். அதை யாராச்சும் பிடிக்கும்பாங்களா? அது வீட்டு வேலை."

"அப்புறம் எதுக்கு அந்த வகுப்பு?"

கொஞ்சம் யோசித்தாள். "செத்துக் கிடந்த எஞ்சின் திரும்ப ஓடுற சத்தம் கேட்டா, அன்னிக்குப் பூரா சிரிச்சுக்கிட்டே இருப்பேன்."

"அடி பைத்தியமே, அதுக்குப் பேருதான் பிடிக்கறது! மாத்திப் போடு." ரப்பரை நீட்டினேன்.

"மாட்டேன். பொய் சொல்லி எனக்கு இடம் வேண்டாம்." கண் கலங்கியது, ஆனால் ரப்பரைத் தொடவில்லை.

சரியான அழுத்தக்காரி. அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் தாளின் அடியில் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் அந்த வகுப்பு நடத்தும் ரஸ் போன் செய்தார்.

"மத்த ஏழு பேரும் ரொம்பப் பிடிக்கும்னு போட்டிருக்காங்க. டிராக்டரை ரோட்டுல நின்னு பாத்திருப்பானுங்க. அடியில படுத்தவ அவ ஒருத்திதான். அவளை அனுப்பிவிடும்மா."

நான் விஷயத்தைச் சொன்னதும் பிரிட்டா என் மேஜைமீதே கவிழ்ந்து அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், வெட்கமென்ன!

அவள் போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அலமாரியைத் திறந்து, பழைய வருடங்களின் பண்ணைப் பிள்ளைகளுடைய தாள்களை எடுத்து விரித்தேன். ஒன்று விடாமல் கைவேலை மூலையில் பூஜ்யம். அடியில் என் கையெழுத்தில், "அலுவலக வேலை பொருந்தும்."