பொன்னாடை போர்த்திய ஆம்ப்

“மறைந்த மஹாதேவன், என்னால் அடையாளம் காணப்பட்ட…” என்ற இடத்தில் மன்றத் தலைவர் வெங்கடநாராயணனின் பதிவுக் குரல் மறுபடி நின்றது. சவ வண்டிக்குள், அப்பாவின் காலடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“வண்டியை எடுக்கச் சொல்லுங்கோ மாமா,” என்றாள் தமயந்தி. “ஐஸ் உருகிண்டிருக்கு.”

“ரெண்டே நிமிஷம்மா,” என்றார் பக்கத்தில் நின்ற தலைவர். “ஃபேஸ்புக்ல லைவ் போயிண்டிருக்கு. நம்ம மன்றத்தோட வைகுண்ட ரதத்துக்கு இதுதான் முதல் சவாரி. உங்கப்பாவுக்கு எப்பேர்ப்பட்ட பாக்கியம்!”

பாக்கியவான் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். காளிகாட் சந்தில் மே மாத வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வண்டியின் பக்கவாட்டில் ‘வைகுண்ட ரதம்’ சின்ன எழுத்தில். ‘உபயம்: தலைவர்’ பெரிய எழுத்தில். அங்கே போய்ச் சேருகிறவரை யார் அனுப்பினார்கள் என்பதில் குழப்பம் வரக்கூடாதல்லவா.

வங்காளி டிரைவர் ரஞ்சன் இன்ஜினை அணைத்து மறுபடி போட்டான். “பேட்டரிதான், தீதி.” வங்கியில் மேலதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற வாஞ்சிநாதன் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்து, வோல்டேஜ் என்று தீர்ப்பளித்தார்.

“என் குரல் கொஞ்சம் கனம். அதைத் தாங்கலையோ என்னமோ,” என்றார் தலைவர், வருத்தப்படாமல்.

சற்று ஆறப்போட்டதும் ஆம்ப் விழித்தது. “மறைந்த மஹாதேவன்…” நின்றது. இந்த முறை இன்னும் சீக்கிரம்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: அப்பா காலையில் சொல்லும் சுலோகம், அவர் குரலிலேயே பென் டிரைவில் இருந்தது; கேவ்ராதலா சுடுகாடு போகும்வரை அது ஒலிக்க வேண்டும். “பேஷா! என் உரை முடிஞ்சதும் போட்டுடலாம்,” என்றிருந்தார் தலைவர்.

மன்றத்தின் மைக்குகளை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டவர் அப்பா. மேடையில் இவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்ளும்போதெல்லாம் மேடைக்கு அடியில் ஒயரோடு குனிந்திருப்பார். அவருக்கு ஒன்று போர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குனிந்திருந்தவர் கண்ணில் படவில்லை போலும்.

தமயந்தி வண்டிக்குள் ஏறி ஆம்பைத் தொட்டாள். விரல் சுட்டது.

ஆம்புக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

போன வாரம் ரதத்தின் துவக்க விழா. ஆம்பை நன்கொடையாகக் கொடுத்த தொழிலதிபர் வரவில்லை. அவருக்கென்று வாங்கிய பொன்னாடையை வீணாக்காமல் ஆம்புக்கே போர்த்தி, ரிப்பனால் கட்டி, கூடநின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் போர்த்தியதை எடுக்க யாருக்குத் துணிவு? காற்றுப் போகும் துளையெல்லாம் ஜரிகைக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது.

“இதுக்குப் போர்த்தத் தெரிஞ்சுது,” என்றாள் தமயந்தி. ரிப்பன் அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள்.

“அம்மாடி, அது மன்றத்தோட மரியாதை!” என்று பதறினார் தலைவர். பிறகு கேமராவைப் பார்த்து, குழைந்து, “சரி, குடு. அப்பாவுக்கே போர்த்திடறேன்.”

“அவர் மேல கை வெச்சேள்னா…” என்று திரும்பினாள் தமயந்தி. நேரலை எடுத்துக்கொண்டிருந்தவர் போனைத் தாழ்த்தினார்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதா என்று கேட்கக் காத்திருந்தவர்களும் விலகி வழிவிட்டார்கள். அப்பா தலைமாட்டில், கதவருகே நின்றிருந்த அம்மா நிதானமாக வண்டியில் ஏறினாள். அதுவரை அப்பா முகத்தில் ஈ விரட்டிக்கொண்டிருந்த மன்றத்தின் ஆண்டு மலரால், தலைவர் சிரிக்கும் அட்டைப் பக்கத்தால், ஆம்புக்கு விசிறினாள். தமயந்தி தலைவரின் பென் டிரைவைப் பிடுங்கி ஜன்னல் வழியே அவர் கையில் திணித்துவிட்டு, அம்மாவினுடையதைச் செருகினாள்.

“சலோ, ரஞ்சன்.”

“பொன்னாடை?” என்று கூடவே நடந்து வந்தார் தலைவர்.

பக்கவாட்டு இரும்பு சீட் வெயிலில் பழுத்திருந்தது. அம்மா பொன்னாடையை நாலாக மடித்து அதன்மேல் போட்டு உட்கார்ந்தாள்.

விளக்கு பச்சைக்கு மாறியது. அப்பா தொண்டையைச் செருமினார். பழக்க தோஷம், முதலில் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.